மெழுகுக் கப்பல்கள்

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் கப்பல் எஞ்சினியர் ஒருவர் வருஷத்தில் சில மாதங்கள்தான் கரையில் இருப்பார். அடுத்த பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பவர். கவுண்டருக்கு எதிரில் காத்திருக்கும் நேரத்திலும் மடியில் ஒரு தடித்த புத்தகம் விரிந்திருக்கும். ஒரு நாள் அதை வாங்கிப் புரட்டினேன். கப்பலின் வடிவமைப்பு, கப்பலின் செயல்திறன் ஆகியவை பற்றி எஞ்சின் அறையில் வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைகள். “நீங்க இங்கிலீஷ் லிட்ரேச்சர் ஆச்சே சார், இது எதுக்கு உங்களுக்கு?” என்று சிரித்தார். அடுத்த கப்பல் ஏறுமுன் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.

சமன்பாடுகளில் பாதி எனக்கு எட்டவில்லை. ஆனால் இரண்டு படங்கள் என்னை விடவில்லை. ஒன்று, குன்று போல் ஏறி இறங்கும் ஒரு வளைகோடு. கப்பல் சாயச் சாய, அதைத் திரும்ப நிமிர்த்தும் சக்தி எப்படி வளர்ந்து எப்படித் தேய்கிறது என்பதைக் காட்டுவது. மற்றது, கூரை போட்ட நீண்ட தொட்டி ஒன்றில் இழுத்துச் செல்லப்படும் மெழுகு மாதிரி. புத்தகம் இவற்றின் சரித்திரத்தைச் சொல்லவில்லை. பரீட்சைக்கு அது தேவையில்லை. வேறு புத்தகங்களில் தேடிப் போனபோது இரண்டுக்கும் பின்னால் 1870 என்ற ஒரே வருஷம் நிற்பது தெரிந்தது.

இதை ஏன் இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு ஒரு பதில்தான் உண்டு. கடலில் இறங்குமுன்பே ஒரு பொருளைப் பற்றி எதைச் சொல்ல முடியும், யார் சொல்ல வேண்டும், சொன்னவனை யார் கேட்பார்கள் என்பவை கப்பல் கட்டுகிறவர்களின் கேள்விகள் மட்டும் அல்ல. விமர்சனம் எழுதுகிறவர்கள் தினமும் இவற்றைத் தாண்டித்தான் போகிறோம். பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு.

*

ஒரு கப்பல் மிதப்பதில் அதிசயம் இல்லை. விலக்கப்பட்ட நீரின் எடையும் கப்பலின் எடையும் சமம் என்று ஆர்க்கிமிடீஸ் காலத்திலேயே அந்த விஷயம் முடிந்துவிட்டது. நிமிர்ந்து மிதக்குமா என்பதுதான் கேள்வி. இதற்கு எளிதில் பயன்படுத்தக்கூடிய ஒரு பதிலைத் தந்தவர் பியேர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1735-இல் பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட குழுவில் அவர் ஒருவர். அளவை வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. கடலிலிருந்து வெகு உயரத்தில், ஆண்டீஸ் மலைகளில் இருந்தபடி அவர் கப்பலைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். 1746-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்பலின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் கீழ்நோக்கி அழுத்துகிறது. அது எடை மையம். தண்ணீரின் தாங்குதல் முழுவதும் இன்னொரு புள்ளியில் மேல்நோக்கித் தள்ளுகிறது. அது மிதப்பு மையம், அதாவது நீருக்குள் இருக்கும் பகுதியின் மையம். கப்பல் சாயும்போது நீருக்குள் இருக்கும் வடிவம் மாறுகிறது. மிதப்பு மையம் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அங்கிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால், கப்பலின் நடுக்கோட்டை அது ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்துக்குப் பூகேர் மெட்டாசென்டர் என்று பெயரிட்டார். எடை மையம் அதற்குக் கீழே இருந்தால் கப்பல் நிமிரும். மேலே இருந்தால் கவிழும்.

அழகான விதி. ஆனால் சிறிய சாய்வுகளுக்கு மட்டும் பொருந்துவது. பத்து டிகிரி வரை நம்பலாம்; அதற்குமேல் ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். பெரிய சாய்வுகளுக்கான வழியை ஜார்ஜ் ஆட்வுட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டியிருந்தார். கணக்கு நீளமானது, கை ஓய்ந்துபோகும். அதனால் கப்பல் கட்டியவர்கள் பெரும்பாலும் ஆரம்பச் சாய்வோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இங்கேதான் கப்பலின் மேல்தட்டு நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. சாயும் கப்பலில், சாய்ந்த பக்கம் மேலும் மேலும் நீருக்குள் இறங்குவதால்தான் மிதப்பு மையம் அந்தப் பக்கம் நகர்கிறது. அந்த நகர்வுதான் கப்பலை நிமிர்த்துகிறது. தட்டின் விளிம்பே நீருக்குள் போய்விட்டால் அதற்குமேல் இறக்குவதற்குப் பக்கம் இல்லை. நகர்வு தளர்கிறது. வளைகோடு உச்சியைத் தொட்டுச் சரிகிறது. நிமிர்ந்து நிற்கும்போது நீருக்கு மேலே சும்மா இருப்பதுபோல் தோன்றும் அந்த உயரம், அமைதியான நாளில் எந்த வேலையும் செய்யாத அந்த உயரம், சாயும் நாளுக்காக வைத்திருக்கும் சேமிப்பு.

*

கேப்டன் கூப்பர் ஃபிப்ஸ் கோல்ஸ் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. கிரைமிய யுத்தத்தில் பீரங்கியை மிதவையில் வைத்துப் போரிட்ட அனுபவத்திலிருந்து, சுழலும் கோபுரத்தில் பீரங்கி வைக்கும் யோசனையை வளர்த்தவர். யோசனை நல்லது, எதிர்காலம் அதன் பக்கம்தான் இருந்தது. கோபுரம் எல்லாப் பக்கமும் சுட வேண்டுமானால் மேல்தட்டு தாழ்ந்தும் தடையின்றியும் இருக்க வேண்டும். ஆனால் அன்றைய நீராவி எஞ்சின் நிலக்கரியை விழுங்குவது. நெடும்பயணத்துக்குப் பாய்கள் வேண்டும், பாய்களுக்கு உயரமான மரங்கள் வேண்டும். தாழ்ந்த தட்டும் உயர்ந்த பாய்மரங்களும் ஒரே கப்பலில்! முரண்பாடு இதில்தான் இருந்தது.

கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வடிவமைத்த ‘மோனார்க்’ கோபுரக் கப்பல்தான், ஆனால் தட்டு உயரமானது. கோல்ஸுக்கு அது திருப்தி தரவில்லை. தம் வழியில் ஒரு கப்பல் வேண்டும் என்று கேட்டார். பத்திரிகைகள் அவர் பக்கம், பாராளுமன்றத்தில் அவருக்காகப் பேச ஆட்கள். ஒரு பக்கம் கற்பனை வளமுள்ள தனிமனிதன், மறுபக்கம் கோப்புகளை வைத்துக்கொண்டு முட்டுக்கட்டை போடும் அலுவலகம் என்று கதை தானாகவே எழுதப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட கதையில் ஜனங்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன்.

கோல்ஸுக்கு அனுமதி கிடைத்தது. பர்க்கன்ஹெட்டில் லேர்ட் கம்பெனியார் கட்டினார்கள். 1869-இல் தண்ணீரில் இறங்கியது. பெயரே ‘கேப்டன்’. கட்டி முடித்தபோது திட்டமிட்டதைவிட எடை கூடியிருந்தது. எட்டு அடி உயரத்தில் இருக்க வேண்டிய தட்டு ஆறரை அடிக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் 1870-இல் ஆரம்பப் பயணங்களில் நன்றாகவே நடந்துகொண்டது. ஆட்டம் குறைவு என்று பாராட்டினார்கள். எதிர்ப்புச் சொன்னவர்கள் பொறாமைக்காரர்களாகத் தெரிந்தார்கள். ரீட் அந்த ஜூலையில் பதவியை விட்டு விலகினார்.

அதே ஜூலை இறுதியில் போர்ட்ஸ்மத் துறையில் கப்பலைச் சாய்த்துப் பார்க்கும் சோதனை நடந்தது. தெரிந்த எடையைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தி, எவ்வளவு சாய்கிறது என்று அளந்தால் எடை மையம் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். இன்றும் கட்டி முடித்த கப்பலுக்கு இதைத்தான் செய்கிறார்கள். சோதனைக்கு ஒரு நாள் போதும். அதிலிருந்து வளைகோட்டைக் கணக்கிட வாரங்கள் ஆயின. ஆகஸ்டு பிற்பகுதியில் கணக்கு முடிந்தபோது கப்பல் கடலில் இருந்தது.

கணக்கு சொன்னது இது. ‘மோனார்க்’ சாயும்போது அதை நிமிர்த்தும் சக்தி 40 டிகிரி வரை வளர்ந்துகொண்டே போகும். ‘கேப்டன்’ கப்பலில் 14 டிகிரியிலேயே தட்டின் விளிம்பு நீரைத் தொடும். 21 டிகிரியில் நிமிர்த்தும் சக்தி உச்சத்தை எட்டிவிடும். அதற்குமேல் சாய்க்கும் ஒவ்வொரு டிகிரியும் அதைப் பலவீனமாக்கும். நிமிர்ந்து நிற்கையில் இரண்டு கப்பலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் முழுவதும் சாய்வில் இருக்கிறது.

செப்டம்பர் 6. ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால் கப்பற்படை சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. ‘மோனார்க்’கும் அதில் உண்டு. பிற்பகல் ‘கேப்டன்’ கப்பலைப் பார்வையிட வந்த அட்மிரல் மில்ன், சாய்ந்த பக்கத் தட்டின்மேல் கடல் ஏறி ஓடுவதைக் கண்டு கவலைப்பட்டார். இரவு காற்று புயலாயிற்று. நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில், பாய்களை இறக்கச் சொல்லி உத்தரவு பிறந்து அது நிறைவேறுமுன், கப்பல் சாய்ந்தது, நிற்கவில்லை. சுமார் 470 பேர் போனார்கள். 18 பேர் பிழைத்தார்கள். போனவர்களில் கோல்ஸ் உண்டு. கப்பலின் தலைவர் பர்கோய்ன் உண்டு. கடற்படை அமைச்சர் சில்டர்ஸின் மகன், மிட்ஷிப்மேன், உண்டு. அதே காற்றில் ‘மோனார்க்’ மிதந்தது.

விசாரணை செய்த ராணுவ நீதிமன்றம் தன் முடிவில் இரண்டு விஷயங்களைச் சொன்னது. கடற்படை வடிவமைப்புத் துறையின் அபிப்பிராயத்துக்கு எதிராக, பாராளுமன்றத்திலும் வேறு வழிகளிலும் வெளிப்பட்ட பொதுஜன அபிப்பிராயத்துக்கு இணங்கியே கப்பல் கட்டப்பட்டது என்பது ஒன்று. கப்பலின் அபாயகரமான நிலைமை தெரிந்திருந்தால் அது தலைவருக்கு அறிவிக்கப்படவில்லை, தெரியாதிருந்தால் அதைக் கண்டறியாமலே கப்பல் சேவைக்கு அனுப்பப்பட்டது. இரண்டில் எதுவானாலும் வருந்தத்தக்கது என்பது மற்றது. முதல் வாக்கியத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பொதுஜன ரசனையைச் சாடுவதற்கு நமக்கெல்லாம் வசதியான வாக்கியம். இரண்டாவது வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அது பொதுஜனத்தைப் பற்றியது அல்ல. தெரிந்தவர்களைப் பற்றியது.

*

ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு ஃப்ரூட் என்றால் ஜேம்ஸ் ஆண்டனி ஃப்ரூட்தான். கார்லைலின் வாழ்க்கையை எழுதியவர். பன்னிரண்டு தொகுதிகளில் இங்கிலாந்தின் சரித்திரம் எழுதி அதை 1870-இல் முடித்தவர். மூத்த சகோதரர் ஹரெல் ஃப்ரூட்டின் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தைப் பற்றிய பாடத்தில் வரும். இவர்கள் இருவருக்கும் நடுவில் வில்லியம் என்று ஒருவர் இருந்தது எந்தப் பாடத்திலும் வரவில்லை. அவர் 1810-இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து, புரூனெலிடம் ரயில்பாதை எஞ்சினியராக வேலை பார்த்தவர். 1857-இல் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற ராட்சசக் கப்பல் கடலில் எப்படி ஆடும் என்று ஆராயும்படி புரூனெல் கேட்க, அந்தக் கேள்வியோடு மிச்ச வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டவர்.

அதிகமான ஸ்திரம் நல்லதல்ல என்று அவர் கண்டார். கப்பலுக்கு இயல்பாக ஓர் ஆட்டக் காலம் உண்டு. அலை அந்தக் காலத்தோடு ஒத்துப்போய்த் தள்ளிக்கொண்டே இருந்தால், ஊஞ்சலைத் தள்ளுவதுபோல், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். விறைப்பாக நிமிரும் கப்பல் ஒவ்வோர் அலையின் சரிவுக்கும் தலையாட்டும். கடலில் நிதானமாக இருக்க வேண்டுமானால் கரையில் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். ‘கேப்டன்’ ஆட்டம் குறைந்ததாகத் தோன்றியதற்கும் அது பத்திரமானதா என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்த கேள்வி வேகம். எந்த வடிவம் தண்ணீரைச் சுலபமாகக் கடக்கும்? ஜான் ஸ்காட் ரஸ்ஸல் அன்றைய பெரிய பெயர். ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கட்டியவர். 1834-இல் எடின்பரோ அருகே கால்வாய் ஒன்றில், நின்றுபோன படகிலிருந்து பிரிந்து தன்னந்தனியாக ஓடிய அலையைக் குதிரைமேல் துரத்திச் சென்று பார்த்தவர். அலையின் வளைவையே கப்பலின் உடலுக்குக் கொடுத்தால் அதுவே உத்தமமான வடிவம் என்பது அவர் கொள்கை. ஃப்ரூட் 1867-இல் டார்ட் நதியில் இரண்டு மாதிரிகளை இழுத்துப் பார்த்தார். ஒன்று ‘ரேவன்’, அதாவது அண்டங்காக்கை: அணியமும் அமரமும் கூராக, ரஸ்ஸலின் கொள்கையை ஒட்டியது. (நம் கரைகளில் படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள்.) மற்றது ‘ஸ்வான்’, அன்னம்: முனைகள் மழுங்கி உருண்டது. மூன்றடி, ஆறடி, பன்னிரண்டு அடி என்று ஒவ்வொன்றிலும் மூன்று அளவுகள். மெதுவாகப் போகும்போது அண்டங்காக்கை ஜெயித்தது. வேகம் கூடியபோது அன்னம் ஜெயித்தது.

இதன் பொருள் எளியது, ஆனால் பயங்கரமானது. உத்தமமான வடிவம் என்று ஒன்று கிடையாது. எந்த வேகத்துக்கு என்று கேட்காமல் எந்த வடிவத்தையும் நல்லது என்று சொல்ல முடியாது. நம்மிடையே உருவம், உருவம் என்று முப்பது வருஷம் பேசியவர்களும் அதை எதிர்த்து முப்பது வருஷம் பேசியவர்களும் இந்த அன்னத்தையும் அண்டங்காக்கையையும் பார்த்திருந்தால் கொஞ்சம் காகிதம் மிச்சமாகியிருக்கும்.

சிறியதிலிருந்து பெரியதை எப்படி அறிவது? 1869-இல் பிரிட்டிஷ் அசோசியேஷனின் குழு ஒன்று நிஜக் கப்பல்களைத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. குழுவில் ஒருவரான ஃப்ரூட் மட்டும் மறுத்தார். சிறிய மாதிரிகள் செய்து பார்ப்பவருக்கும் கேட்பவருக்கும் மிக்க சந்தோஷம் தரும், நிஜக் கப்பலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இராது என்று ரஸ்ஸல் கிண்டல் செய்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவரை மாதிரிகளை நம்பியவர்கள் ஏமாந்துதான் போயிருந்தார்கள்.

ஃப்ரூட்டின் சாதனை, ஏன் ஏமாந்தார்கள் என்று கண்டதில் இருக்கிறது. நீர் கப்பலை இரண்டு விதமாகத் தடுக்கிறது. ஒன்று, கப்பலின் தோலை உராய்வது. மற்றது, கப்பல் எழுப்பும் அலைகள். அவற்றை எழுப்பும் சக்தி எஞ்சினிலிருந்துதான் போகிறது. ஒரே வடிவமுள்ள சிறிய கப்பலும் பெரிய கப்பலும், நீளங்களின் வர்க்கமூல விகிதத்தில் வேகங்களை வைத்துக்கொண்டு போனால், ஒரே மாதிரியான அலைக்கோலத்தை எழுப்பும். 150 மீட்டர் கப்பலுக்கு 6 மீட்டர் மாதிரி என்றால் அளவு 25-இல் ஒன்று. வேகம் 5-இல் ஒன்று. கப்பல் 20 நாட் போக வேண்டுமென்றால் மாதிரியை 4 நாட்டில் இழுத்தால் போதும். அலைத் தடை, அளவின் முப்படியாக, 15,625 மடங்காகும். ஆனால் உராய்வு இந்த விதிக்குக் கட்டுப்படாது. உராய்வுக்குப் பொருத்தமான வேகத்தில் மாதிரியை இழுப்பதானால் கப்பலைவிட 25 மடங்கு வேகத்தில் இழுக்க வேண்டும். இரண்டு விதிகளையும் ஒரே சமயத்தில் ஒரு மாதிரி பின்பற்ற முடியாது. எந்த மாதிரியும் முழு மாதிரி அல்ல.

எனவே அவர் பிரித்தார். உராய்வைத் தனியே அளப்பதற்காக 50 அடி வரை நீளமுள்ள பலகைகளை நீரில் இழுத்தார். வார்னிஷ் பூசி, துணி ஒட்டி, மணல் ஒட்டி இழுத்தார். மாதிரியின் மொத்தத் தடையிலிருந்து மாதிரிக்குரிய உராய்வைக் கழிப்பது, மிச்சத்தைப் பெருக்குவது, கப்பலுக்குரிய உராய்வைத் தனியே கணக்கிட்டுக் கூட்டுவது. இது முழுச் சத்தியம் அல்ல, மிச்சத்தில் வேறு சில தடைகளும் கலந்திருக்கும் என்று இன்று தெரியும். ஆனால் இன்றும் கப்பல் மாதிரிச் சோதனை இந்தப் பிரித்தலில்தான் ஆரம்பிக்கிறது.

1870 பிப்ரவரியில், ‘கேப்டன்’ கவிழ்வதற்கு ஏழு மாதம் முன், கடற்படை அவருக்கு 2,000 பவுன் ஒதுக்கிற்று. ஆதரவு தந்தது அதே ரீட். டார்க்கீ ஊரில் தம் வீட்டருகே 278 அடி நீளத்தில் தொட்டி கட்டினார். மாதிரிகள் பாரஃபின் மெழுகில். செதுக்க எளிது, நீரை உறிஞ்சாது, வேலை முடிந்தால் உருக்கி அடுத்த கப்பலை வார்க்கலாம். 1871-இல் ‘கிரேஹவுண்ட்’ என்ற நிஜக் கப்பலை இன்னொரு கப்பலால், அதன் வால்நீரில் சிக்காதபடி பக்கவாட்டில் நீண்ட மரம் கட்டி, இழுத்து அளந்தார். பின்னர் அதன் மெழுகு மாதிரியைத் தொட்டியில் இழுத்தார். 1874-இல் வெளிவந்த முடிவுகளில் கணக்கும் கடலும் ஒத்துப்போயின. எஞ்சின் தரும் சக்தியில் பாதிக்கும் குறைவானதுதான் கப்பலை நகர்த்தப் போகிறது என்பதும் அப்போது தெரிந்தது. எஞ்சினியர்களுக்குக் கசப்பான செய்தி.

இன்றைய எஞ்சினியர்களுக்கும் தடையைப் பற்றிய இந்த அறிவு காசாகத்தான் வருகிறது. ஒரே கப்பலுக்கு வேகத்தின் முப்படியாகச் சக்தி தேவை என்பது சுமாரான விதி. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தால் சக்தி பாதியாகக் குறையும். 2008-இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கன்டெய்னர் கப்பல்கள் வேகத்தைக் குறைத்து ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு.

*

வில்லியம் ஃப்ரூட்டின் வாழ்க்கையில் இன்னொரு இழை உண்டு. கத்தோலிக்கத்துக்கு மாறிய நியூமன் அவருடைய நண்பர். ஃப்ரூட்டின் மனைவியும் பிள்ளைகளில் பலரும் நியூமனைப் பின்பற்றி மதம் மாறினார்கள். ஃப்ரூட் மாறவில்லை. எந்த முடிவையும் சந்தேகத்துக்கு இடம் வைத்தே ஏற்க வேண்டும், முழு நிச்சயம் என்பது அறிவின் ஒழுக்கத்துக்கே விரோதம் என்பது அவர் நிலை. நிரூபிக்க முடியாததிலும் மனிதன் நேர்மையாகவே நிச்சயம் கொள்ள முடியும் என்பது நியூமனின் நிலை. பல வருஷங்கள் கடிதத்தில் வாதாடினார்கள். நியூமனின் ‘எ கிராமர் ஆஃப் அஸென்ட்’ நூலுக்குப் பின்னால் இந்த வாதமும் இருக்கிறது. அது வெளிவந்த வருஷமும் 1870.

1879-இல் ஃப்ரூட் உடல்நலத்துக்காகக் கடற்படைக் கப்பலொன்றில் தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். ஏப்ரல் இறுதியில் ரோமிலிருந்து நியூமன் அவருக்கு நீண்ட பதில் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். மே 4-இல் சைமன்ஸ் டவுனில் ஃப்ரூட் இறந்தார். கடற்படை மரியாதையோடு அங்கேயே புதைத்தார்கள். அந்தக் கடிதத்தை அவர் படிக்கவில்லை.

*

இதுவரை எழுதியதை என்னைப் பற்றிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாக இராது.

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தம் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படிக்கக் கொடுத்தார். நம் வட்டத்தில் அந்த நாவலைப் பற்றி அப்போதே பெரிய பேச்சு. எழுதி முடிக்குமுன்பே அது தமிழ் நாவலின் திருப்புமுனை என்று தீர்மானமாகியிருந்தது. பொதுஜன அபிப்பிராயம் நாற்பது பேருக்குள்ளும் உண்டாகும். முதல் நூறு பக்கம் எனக்கும் பிடித்தது. வாக்கியங்கள் நிமிர்ந்து நின்றன. பிறகு வீட்டில் ஒரு சாவு விழுகிறது. அந்த இடத்திலிருந்து நாவல் சாய ஆரம்பித்து, நிமிரவே இல்லை. தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முதல் நூறு பக்கத்திலேயே ஆசிரியர் நீருக்குள் இறக்கிவிட்டார். சாவு வந்தபோது இறக்குவதற்குப் பக்கம் இல்லை. அன்று இதை இந்த வார்த்தைகளில் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் சாய்வு தெரிந்தது.

கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். திருத்தினேன். கடுமையாகப் பட்டது, மறுபடி எழுதினேன். நான் யார் சொல்வதற்கு என்ற அடக்கமும், எல்லோரும் கொண்டாடும்போது நான் மட்டும் பொறாமைக்காரனாகத் தெரிவேனோ என்ற பயமும் சேர்ந்துகொண்டன. எது எவ்வளவு என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. இதற்கிடையில் அவர் அச்சுச் செலவுக்காக மனைவியின் சங்கிலியை எங்கள் கிளையிலேயே அடகு வைத்தார். நகைக் கடன் மனுவை நிரப்பியது நான். சங்கிலியின் எடையை மில்லிகிராம் வரை எழுதினேன். மேஜை டிராயரில் கடிதம் இருந்தது. “படிச்சீங்களா?” என்று கேட்டார். “நல்லா வந்திருக்கு” என்றேன்.

ஐந்நூறு பிரதி போட்டார். புத்தகம் வந்த பிறகுதான் என் அபிப்பிராயத்தை, அதுவும் ஒரு மதிப்புரையாக, எழுதினேன். நேர்மையான மதிப்புரை என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். பிரதிகளில் பெரும்பகுதி அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. சங்கிலியை மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று. அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை.

நாவல் கப்பல் அல்ல, ஒருவரும் மூழ்கவில்லை. ஒப்புமை எதுவும் முழுதாகப் பொருந்தாது என்பதை ஃப்ரூட்டிடம்தான் கற்றோம். பொருந்தாத பகுதியைக் கழித்துவிடலாம். கழித்த பிறகும் மிச்சம் ஒன்று இருக்கிறது. கணக்கு தெரிந்திருந்தது, கப்பல் துறையை விட்டுப் போகுமுன் அது சொல்லப்படவில்லை. கடிதத்தைக் கொடுத்திருந்தால் அவர் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கோல்ஸ் கேட்டிருக்க மாட்டார். ஆனால் கேட்பதும் கேட்காததும் கப்பலைக் கட்டியவன் உரிமை. அந்த உரிமையை அவருக்குக் கொடுக்காதவன் நான்.

நம் பத்திரிகைகள் சில நூறு பேருக்குப் போகின்றன. சிறியது என்பதில் எனக்கு வெட்கம் இல்லை. மெழுகில் செய்த பன்னிரண்டு அடியிலிருந்து கடலைச் சொல்ல முடிந்திருக்கிறது. ஆனால் தொட்டியின் வேலை கப்பல் இறங்குமுன் நடப்பது. இறங்கிய பிறகு நாம் எழுதுவது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது விசாரணை அறிக்கைதான். கையெழுத்துப் பிரதியைப் படிப்பதும், படித்ததை ஆசிரியனின் முகத்துக்கு எதிரே சொல்வதும், அதற்காக ஒரு நட்பை இழக்கத் தயாராக இருப்பதும் விமர்சனத்தின் முக்கியமான பகுதி என்றும், அது எதுவும் அச்சில் வராது என்றும் இப்போது நினைக்கிறேன்.

எஞ்சினியர் அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறார். புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறேன். நண்பருக்கு இந்த இதழ் போகும். அந்த நான்கு பக்கக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதழோடு சேர்த்து அதையும் அனுப்புகிறேன்.